தண்ணீர் கேட்காத பூ

 

போன வாரம் எங்கள் வீட்டு கேட்டடியில் பூத்திருக்கும் மஞ்சள் பூச்செடியின் படமொன்றைப் போட்டிருந்தேன். என்ன செடி, எங்கே வாங்கலாம், என்ன விலை என்று பலர் கேட்டிருந்தீர்கள். என் பழைய மாணவி ஒருத்தி மட்டும், "டீச்சர், இது ரோட்டோரத்துல கிடக்கிற செடிதானே, இதுக்கு எதுக்கு இவ்வளவு படம்?" என்று கேட்டிருந்தாள்.

அவளுக்குத்தான் முதல் பதில். ஆமாம் பிள்ளை, அம்பாந்தோட்டைக்கோ புத்தளத்துக்கோ போனால் ரோட்டோரத்தில் கிடக்கிற செடிதான். தமிழில் ஆவாரை, நம்மில் சிலர் ஆவரசு என்போம். சிங்களத்தில் ரணவரா. காசு கொடுத்து வாங்க வேண்டிய செடியே அல்ல. ஆனால் எட்டு வருடங்களாக என் மனதில் கிடக்கும் ஒரு விஷயம் இந்தச் செடியோடு சேர்ந்திருக்கிறது. அதைச் சொல்லாமல் செடியைப் பற்றி மட்டும் எழுத எனக்கு வரவில்லை. பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

2016 கடைசியில் தங்கையின் வலீமா விருந்தை எங்கள் வீட்டில்தான் வைத்தோம். வீட்டுக்கு முன்னால் இருந்த மண் முற்றத்தைப் பார்த்து எல்லோரும் முகம் சுளித்தார்கள். "கல்யாண வீடு, கொஞ்சம் வடிவா இருக்க வேணாமா" என்றார் உம்மா. கிட்டத்தட்ட 600 சதுர அடிக்கு காபட் புல் பதித்தோம். ஓரத்தில் இன்டர்லொக் கல். சுவரோரமாக வரிசையாக அந்தூரியம் சட்டிகள். படமெடுக்க நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த மாதமே வரட்சி. 2017 ஆரம்பத்தில் நாடு முழுவதும் எப்படிக் காய்ந்து கிடந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் பக்கம், அதாவது குண்டசாலையைத் தாண்டி திகன நோக்கிப் போகும் பக்கம், குழாயில் மூன்று நாளைக்கு ஒரு முறைதான் தண்ணீர். எங்கள் வீடு ஒழுங்கையின் கீழே இருப்பதால் வரும் தண்ணீர் முதலில் எங்கள் டாங்கியை நிரப்பிவிடும். மேட்டில் இருக்கும் வீடுகளுக்குப் போய்ச் சேருவதற்குள் நின்றுவிடும். அவர்கள் பவுசர் வரும் நாளில் கேன்களோடு கீழே இறங்கி வருவார்கள்.

ஒரு நாள் அஸருக்குப் பிறகு நான் பைப்பைப் பிடித்துக்கொண்டு புல்லுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தேன். மேல் வீட்டு ஆச்சி ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கையில் ஏறி வந்தவர், எங்கள் கேட்டடியில் மூச்சு வாங்க நின்றார். சிங்கள அம்மா, அப்போதே எழுபதைத் தாண்டியவர். என்னைப் பார்த்தார். பைப்பைப் பார்த்தார். "துவே, புல்லுக்கும் தாகமா?" என்று சிங்களத்தில் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டுதான் கேட்டார். பிறகு கேனைத் தூக்கிக்கொண்டு ஏறிப் போய்விட்டார்.

நான் பைப்பை மூடினேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை. கணிதமும் விஞ்ஞானமும் படிப்பிக்கிறவள், கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெயில் காலத்தில் புல் பச்சையாக இருக்க நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் அளவு தண்ணீர் என்று வைத்தால், ஒரு சதுர மீற்றருக்கு 5 லீட்டர். 600 சதுர அடி என்பது ஏறத்தாழ 55 சதுர மீற்றர். ஆக 275 லீட்டர். ஒரு மனிதருக்குக் குடிக்க, சமைக்க, குளிக்க, கழுவ எல்லாமாகச் சேர்த்து நாளொன்றுக்கு 50 முதல் 100 லீட்டர் வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. என் புல் குடித்தது மூன்று பேரிலிருந்து ஐந்து பேர் வரைக்குமான தண்ணீர். அந்த ஐந்து பேரில் ஒருவர் அந்த ஆச்சி.

ஓடும் ஆற்றங்கரையில் வுழூ செய்தாலும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவர்கள் நாம். நான் என்ன செய்துகொண்டிருந்தேன்?

இதுதான் நான் சொல்ல வந்த கருத்தின் அடி. வீட்டு முற்றத்தில் என்ன வளர்க்கிறோம் என்பது நம் ரசனையைப் பற்றிய விஷயம் மட்டும் அல்ல. பக்கத்து வீட்டுக்காரரின் உரிமையும் அதில் இருக்கிறது. தண்ணீர் குறைந்த மாதங்களில் தண்ணீர் கேட்காத, இந்த மண்ணுக்கே உரிய செடிகளைத்தான் நாம் வைக்க வேண்டும்.

"கண்டியில் வரட்சியா? மழையூர் அல்லவா?" என்று கொழும்பிலிருந்து ஒருவர் கேட்டார். கண்டியில் வருடத்துக்கு ஏறத்தாழ 1,900 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. உண்மைதான். ஆனால் அது எல்லா மாதங்களுக்கும் பங்கு பிரித்துப் பெய்வதில்லை. ஒக்டோபர், நவம்பரில் கொட்டித் தீர்க்கும். ஜனவரி முதல் மார்ச் வரை காயும், அதிலும் பெப்ரவரி மோசம். கிழக்கே போகப் போக இன்னும் காய்ச்சல். பேராதனையும் கண்டி நகரமும் ஈர வலயத்தில் இருக்கின்றன. குண்டசாலை, திகன, தெல்தெனிய எல்லாம் இடை வலயம். பத்துப் பதினைந்து கிலோமீற்றருக்குள் மண்ணும் மாறுகிறது, வானமும் மாறுகிறது. ஹந்தானையில் வருடந்தோறும் புல் தீப்பிடிப்பதைப் பார்க்கிறோமே, மழையூர் என்றால் அது எப்படி எரிகிறது?

மழை கொட்டும் மாதத்தில் வேறு பிரச்சினை. முற்றத்தையெல்லாம் கொங்கிரீட்டாலும் இன்டர்லொக்காலும் மூடி வைத்திருக்கிறோம். மண்ணுக்குள் இறங்க வேண்டிய தண்ணீர் ரோட்டுக்கு ஓடுகிறது. அக்குறணை நகரில் பிங்கா ஓயா பெருகி கடைகளுக்குள் வெள்ளம் வரும்போதெல்லாம் ஆற்றைக் குறை சொல்கிறோம். ஆற்றங்கரைக் கட்டடங்களும் அடைபட்ட கால்வாய்களும் பெரிய காரணம்தான், ஆனால் நம் வீட்டு முற்றங்களுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. 100 சதுர மீற்றர் சீமெந்துத் தரையில் 10 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 1,000 லீட்டர் தண்ணீர் வழிந்தோடும். அது ஒரு வீட்டின் கணக்கு. ஒழுங்கையில் எத்தனை வீடு?

சரி, செடிக்கு வருவோம்.

ஆவாரை அவரைக் குடும்பத்துச் செடி. இந்தியாவிலும் இலங்கையிலும் உலர்ந்த பகுதிகளில் இயற்கையாக வளர்வது. பெரும்பாலும் இடுப்பளவு, நெஞ்சளவு உயரம். நன்றாக வளர்ந்தால் ஆளுயரத்தையும் தாண்டும். பொன் மஞ்சளில் கொத்துக் கொத்தாகப் பூக்கும். பிறகு தட்டையான, கடதாசி போன்ற காய்கள் தொங்கும். யால, பூந்தலப் பக்கம் போனவர்கள் முட்புதர்களுக்கு நடுவே இதைப் பார்த்திருப்பீர்கள். மழை இல்லாத மணலில், கடற்காற்றில், வெயிலில் நின்று பூக்கிற செடி.

தமிழுக்கு இது புதிய பூவும் அல்ல. குறிஞ்சிப்பாட்டு அடுக்கிச் சொல்லும் மலர்களில் ஆவிரை என்ற பெயரில் இதுவும் இருக்கிறது. தமிழ்நாட்டின் பல ஊர்களில் பொங்கலுக்கு முதல்நாள் காப்புக் கட்டும்போது வேப்பிலையோடு சேர்த்து இந்தப் பூவைத்தான் வீட்டு வாசலில் செருகுகிறார்கள். தெலங்கானா இதைத் தன் மாநிலப் பூவாகவே வைத்திருக்கிறது. அங்கே பத்துகம்மா திருவிழாவின் பூவடுக்குகளில் இதற்கு முக்கிய இடம். நம் சமூகத்தோடும் ஒரு தொடர்பு உண்டு. ஆவாரம் பட்டையில் துவர்ப்புச் சத்து அதிகம். குரோமியம் போன்ற இரசாயனங்கள் வருவதற்கு முன்னர் தென்னிந்தியாவில் தோல் பதனிட இந்தப் பட்டையைத்தான் பெருமளவில் பயன்படுத்தினார்கள். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் தொழிலை வளர்த்தவர்களில் பெரும்பாலானோர் முஸ்லிம் வணிகர்கள்.

இலங்கையில் ரணவரா என்றால் எல்லோருக்கும் நினைவு வருவது குடிநீர். பெலி மல், இரமுசு, பொல்பலா, ரணவரா என்று வரிசையாகச் சொல்வோம். காய்ந்த பூவைக் கொதிக்க வைத்து, ஒரு துண்டு கித்துல் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பது.

தண்ணீர்ச் சம்பவம் நடந்து இரண்டு வாரத்தில், வெட்கத்தோடு நான் ஆச்சி வீட்டுக்குப் போனேன். எங்கள் டாங்கியிலிருந்து மேல் வீடுகளுக்குக் குழாய் இழுத்துக் கொடுப்பதாக அவர் (என் கணவர்) சொல்லச் சொல்லியிருந்தார். ஆச்சி அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ரணவரா ஊற்றிக் கொடுத்தார். தான் பழைய தெல்தெனியவில் பிறந்ததையும், விக்டோரியா அணை கட்டியபோது ஊரே தண்ணீருக்குள் போனதையும் சொன்னார். அணை திறந்தது 1985. வரட்சியில் நீர்மட்டம் இறங்கினால் பழைய ஊரின் கட்டட மிச்சங்கள் வெளியே தெரியும், அந்த வருடமும் மகனோடு போய்ப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார். தன் ஊரைப் பார்க்க அந்த அம்மாவுக்கு வரட்சி வர வேண்டியிருக்கிறது. அதைக் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை.

போகும்போது, "புல்லை விடுங்கள் துவே, ரணவரா வையுங்கள், தண்ணீர் கேட்காது" என்றார்.

நான் நேரே ஒரு நாற்றுமேடைக்குப் போய் ரணவரா என்று கேட்டு ஒரு கன்று வாங்கி வந்தேன். இரண்டு மாதத்தில் ஆளுயரம் வளர்ந்துவிட்டது. பூவும் மஞ்சள்தான். ஆச்சி வந்து பார்த்துவிட்டு இது ரணவரா இல்லை என்றார். அதே குடும்பத்து வேறு செடி, வெளிநாட்டிலிருந்து அழகுக்காக வந்தது. நீங்கள் ஏமாறாமல் இருக்க இரண்டு அடையாளம் சொல்கிறேன். உண்மையான ஆவாரையில் இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில், இரண்டு பக்கமும் காது போல அகன்ற சிற்றிலைகள் நிற்கும். அதன் விஞ்ஞானப் பெயரிலேயே 'காதுடையது' என்ற பொருள் இருக்கிறது. இரண்டாவது, எதிரெதிராக இருக்கும் ஒவ்வொரு சோடிச் சிற்றிலைக்கும் நடுவில் சிறிய சுரப்பி ஒன்று நிமிர்ந்து நிற்கும். இரண்டும் இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

பிறகு ஆச்சியின் மகள் அம்பாந்தோட்டையிலிருந்து விதை கொண்டு வந்து தந்தார். 2017 ஒக்டோபரில் போட்டேன். முளைத்தது. பாசத்தில் தினமும் தண்ணீர் ஊற்றினேன். நவம்பர் மழையும் சேர்ந்தது. வேர் அழுகி எல்லாம் செத்துப்போயின. தண்ணீர் இல்லாமல் சாகாத செடியைத் தண்ணீர் ஊற்றியே கொன்றவள் நான்.

2018 மார்ச்சில் எங்கள் பக்கம் நடந்தவை உங்களுக்குத் தெரியும். திகன, தெல்தெனியப் பக்கத்தில் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஊரடங்கு, அவசரகால நிலை என்று நாட்கள் போயின. அதை விரித்து எழுத இந்தப் பதிவு இடமல்ல. ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த நாட்களில் எங்கள் வீட்டு உறுதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், என் நியமனக் கடிதம் எல்லாம் அடங்கிய ஃபைல் ஆச்சி வீட்டு அலுமாரியில் இருந்தது. நாங்கள் கேட்கவில்லை. அவரே வந்து வாங்கிக்கொண்டு போனார். எல்லாம் அடங்கிய பிறகு ஃபைலைத் திருப்பித் தந்தபோது, அதன் மேல் ஒரு சிறிய பொலித்தீன் பையில் மறுபடியும் ரணவரா விதை இருந்தது.

அந்த விதையிலிருந்து வந்ததுதான் நீங்கள் படத்தில் பார்த்த செடி.

வளர்க்கும் முறை கேட்டவர்களுக்காக, என் தவறுகளிலிருந்து கற்றதை எழுதுகிறேன்.

1. விதையின் தோல் தடித்தது. அப்படியே போட்டால் மாதக்கணக்கில் கிடக்கும். உப்புத்தாளில் மெதுவாக உரசி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஓரிரவு ஊற வையுங்கள். ஊதிப் பருத்தவற்றை மட்டும் போடுங்கள்.

2. ஆழமாக வேர் விடும் செடி. பெரிதான பிறகு பிடுங்கி நட்டால் தாங்காது. நிலத்திலேயே விதையுங்கள், அல்லது உயரமான பையில் போட்டு, கன்று ஒரு சாண் வளர்ந்ததும் மண் உதிராமல் வையுங்கள்.

3. முழு வெயில் வேண்டும். பலா மர நிழலில் வைத்தால் இலை மட்டும்தான் வரும்.

4. தண்ணீர் தேங்கக் கூடாது. களிமண் என்றால் மணலும் சிறு கல்லும் கலந்து, தரையை விட அரை அடி மேடாக்கி வையுங்கள். சரிவான நிலமாக இருந்தால் இன்னும் நல்லது. கண்டியில் சரிவுக்கா பஞ்சம்?

5. மழை தொடங்கும்போது வைத்தால் முதல் சில மாதங்களுக்கு மழையே பார்த்துக்கொள்ளும். முதல் வரட்சியில் மட்டும் வாரத்துக்கு ஒரு முறை ஒரு வாளி. இரண்டாவது வருடத்திலிருந்து நான் ஒரு சொட்டும் ஊற்றியதில்லை.

6. பூத்து முடிந்ததும் மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுங்கள். அடுத்த முறை அடர்த்தியாக வரும். பசளை போடாதீர்கள், கொழுத்து இலைதான் தள்ளும்.

பேராதனை, கண்டி நகரம், கடுகண்ணாவைப் பக்கம் இருப்பவர்களுக்கு நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் ஈர மண்ணில் ஆவாரை சந்தோஷமாக இருக்காது. உங்களுக்கு வெட்சி இருக்கிறது, சிங்களத்தில் ரத்மல். நம் நாட்டுக்கே உரிய செடி, வேர் பிடித்த பிறகு இரண்டு மூன்று மாத வெயிலைத் தாங்கும். மலைச் சரிவுகளில் ஊதாப் பூவோடு நிற்கும் போவிட்டியா இருக்கிறது. அதில் ஹீன் போவிட்டியா உலகில் இலங்கையில் மட்டுமே இயற்கையாக வளர்வது. நொச்சி இருக்கிறது. எந்தச் செடி என்பதை உங்கள் மண்ணைக் கேட்டு முடிவு செய்யுங்கள், என் படத்தைப் பார்த்து அல்ல.

இனி, எனக்கு வந்த மறுப்புகளுக்கு வருகிறேன்.

முதலாவது, உம்மாவின் மறுப்பு. "என்ன பிள்ளை, காட்டுச் செடியக் கொண்டு வந்து கேட்டடில வெச்சிருக்கிறாய், வாற ஆக்கள் என்ன நினைப்பாங்க?" உம்மாவுக்கு நான் பதில் சொல்லவில்லை, செடியே சொன்னது. முதல் வருடம் பூத்தபோது பெரிய கருவண்டுகள் வரத் தொடங்கின. பூவில் உட்கார்ந்து 'ங்ங்ங்' என்று ஓர் ஒலி. உம்மா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்க்கத் தொடங்கினார். அந்த ஒலிக்குக் காரணம் உண்டு. ஆவாரம் பூவில் தேன் கிடையாது. மகரந்தம் ஒரு குழாய்க்குள் அடைபட்டிருக்கிறது, நுனியில் மட்டும் துளை. வண்டு பூவைப் பிடித்துக்கொண்டு தன் உடம்பையே அதிர வைத்தால்தான், உப்புப் போத்தலை உலுக்கினால் உப்பு கொட்டுவது போல மகரந்தம் கொட்டும். இதைத் தரம் 8 பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்து வந்து காட்டினேன். பாடப்புத்தகத்தில் மகரந்தச் சேர்க்கையை நான் பத்து முறை விளக்கியிருக்கிறேன். ஒரு வண்டு அதை அரை நிமிடத்தில் விளக்கிவிட்டது.

மஞ்சள் நிற வண்ணத்துப்பூச்சிகளும் வந்தன. சிவனொளிபாதமலைப் பருவத்தில் கூட்டம் கூட்டமாகப் பறக்கின்றனவே, அந்த இனத்தின் புழுக்கள் ஆவாரைக் குடும்பத்துச் செடிகளின் இலையைத் தின்றுதான் வளர்கின்றன. புழு தின்ற இலையைப் பார்த்து மருந்து அடிக்காதீர்கள். செடி மீண்டும் துளிர்க்கும்.

இரண்டாவது, மருந்து விஷயம். ரணவரா குடித்தால் சீனி குறையும் என்று நம்பி, எங்கள் சொந்தத்தில் ஒருவர் டொக்டர் கொடுத்த குளிசையை நிறுத்தினார். மூன்றாவது வாரம் ஆஸ்பத்திரியில் படுத்தார். அல்ஹம்துலில்லாஹ், தப்பிவிட்டார். சோதனைச்சாலை எலிகளில் இந்தப் பூவின் சாறு சீனியைக் குறைத்ததாக ஆய்வுகள் இருக்கின்றன. எலிக்குக் கொடுத்த அளவு வேறு, நம் கோப்பை வேறு. குடிப்பதென்றால் தேநீராகக் குடியுங்கள். குளிசையை நிறுத்துவதை டொக்டர் சொல்லட்டும். ஏற்கெனவே சீனிக்குக் குளிசை எடுப்பவர்கள் தினமும் குடிக்க நினைத்தால் அதையும் டொக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது மறுப்புத்தான் எனக்கு முக்கியமானது. ஒரு சக ஆசிரியர் கேட்டார்: "நீங்களும் சுதேசம், அந்நியம் என்று பேசத் தொடங்கிவிட்டீர்களா? அந்தச் சொல்லை வைத்து நம்மை என்ன செய்தார்கள் என்று மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. அதனால்தான் இந்தச் சொல்லை நிறுத்தி நிதானித்துப் பேச வேண்டும் என்கிறேன்.

கண்டி வீட்டுத் தோட்டம் உலகம் அறிந்த ஒன்று. ஒரே வளவில் பலாவும் கமுகும் மிளகும் கோப்பியும் அடுக்கடுக்காக நிற்கும். அதில் எத்தனை இங்கே பிறந்தவை? கிராம்பும் சாதிக்காயும் மலுக்குத் தீவுகளிலிருந்து வந்தவை. ஈரப்பலா பசிபிக் பக்கத்தது. ரம்புட்டான் மலாய் நாட்டது. கொக்கோவும் வெண்ணெய்ப்பழமும் அமெரிக்கக் கண்டத்தவை. இவையெல்லாம் இல்லாமல் கண்டித் தோட்டம் இல்லை. வந்தவை, மற்றவற்றோடு இடம் பகிர்ந்துகொண்டன, இந்த மண்ணின் ஆட்களாகிவிட்டன. யாரும் அவற்றை வேரோடு பிடுங்கச் சொல்லவில்லை. நானும் சொல்லமாட்டேன்.

வேறு சில வந்தன. பேராதனைப் பூந்தோட்டம் 1821இல் தொடங்கியது. அங்கே 1826இல் அழகுச் செடியாக வந்தது உண்ணிச்செடி, சிங்களத்தில் கந்தபான. இன்று அது நாடெங்கும் புதர்க்காடு. கண்டி ரோட்டோரமெல்லாம் மஞ்சளாகப் பூக்கும் காட்டுச் சூரியகாந்தி 1851இல் வந்தது. உடவத்தக்கலைக் காட்டுக்குள் தென்னமெரிக்காவின் பல்சம் மரம் பரவி, மற்றக் கன்றுகளை முளைக்க விடாமல் செய்கிறது. இவற்றின் குற்றம் வெளியிலிருந்து வந்தது அல்ல. தம்மைத் தவிர வேறெதற்கும் இடம் விடாததுதான் குற்றம். அந்தக் குற்றத்தைச் சுதேசச் செடியும் செய்யலாம். மனிதரும் செய்யலாம்.

ஆகவே நான் ஆவாரை வையுங்கள் என்று சொல்வது அது 'நம்முடையது', மற்றது 'அவர்களுடையது' என்பதற்காக அல்ல. இந்த மண்ணோடும் இந்த வெயிலோடும் ஆயிரக்கணக்கான வருடம் பழகிய செடி, அயலவரின் தண்ணீரில் கை வைக்காமல் வாழத் தெரிந்தது. அதன் பூவை எதிர்பார்த்து இங்கே வண்டு இருக்கிறது, இலையை எதிர்பார்த்துப் புழு இருக்கிறது. அந்த வேலையை என் அந்தூரியத்தால் செய்ய முடியாது. அந்தூரியத்தை நான் வீசிவிடவும் இல்லை. இரண்டு சட்டி மட்டும் குளியலறைப் பக்கம் நிழலில் இருக்கிறது. மற்றச் சட்டிகளையும் தட்டுகளையும் டெங்குப் பயத்தில் அகற்றினேன். 2017இல் நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு கண்டதாகப் பதிவானதே, அந்த வருடம்.

இனி பாடசாலைகளுக்கும் பள்ளிவாசல்களுக்கும் ஒரு வேண்டுகோள்.

பாடசாலைகளில் பசுமைத் திட்டம் என்று காசு சேர்த்துக் காபட் புல்லும் பூச்சட்டியும் வாங்குகிறோம். ஏப்ரல் விடுமுறை முடிந்து வந்தால் எல்லாம் வைக்கோல். அடுத்த வருடம் மறுபடியும் பெற்றோரிடம் காசு. இதற்குப் பதில் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு சுதேசப் பூச்செடி கொடுங்கள். விடுமுறையில் சாகாத செடி. பிள்ளைகள் அதன் உயரத்தை அளக்கட்டும், வரும் பூச்சிகளை எண்ணட்டும். விஞ்ஞானப் பாடத்துக்கு வேறு உபகரணம் வேண்டாம்.

பள்ளிவாசல் நிர்வாகிகளே, வுழூ செய்த தண்ணீர் எங்கே போகிறது? நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் வுழூ செய்ய எடுத்துக்கொண்ட ஒரு 'முத்து' அளவு, நம் கணக்கில் ஒரு லீட்டருக்கும் குறைவு. ஒரு நாள் நான் வழமை போலக் குழாயைத் திறந்து வைத்து, கீழே வாளி வைத்துப் பார்த்தேன். ஆறு லீட்டர். அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் இல்லை, எண்ணெய் இல்லை. செடிகளுக்கு அதைவிட நல்ல கழிவுநீர் கிடைக்காது. ஹவ்ழடியிலிருந்து கானுக்குப் போகும் குழாயைத் தோட்டத்துக்குத் திருப்புவது ஒரு பிளம்பரின் அரை நாள் வேலை. முதலில் குழாயைக் குறைத்துத் திறப்போம். மிச்சம் போவதைச் செடிக்குக் கொடுப்போம். மரம் நட்டு அதிலிருந்து பறவையோ மனிதரோ விலங்கோ உண்டால் அது சதக்கா என்று கற்றவர்கள் நாம். வண்டுக்கும் அதில் பங்கு இருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

எங்கள் காபட் புல் இப்போது கால்வாசிதான் இருக்கிறது. பிள்ளைகள் விளையாட அவ்வளவு போதும். அதற்கு மழையைத் தவிர வேறு தண்ணீர் கிடையாது. பெப்ரவரியில் காய்ந்து பழுப்பாகும், ஏப்ரல் மழைக்குத் திரும்பிப் பச்சையாகும். பழுப்புப் புல்லைப் பார்த்து வெட்கப்படுவதை நாங்கள் விட்டுவிட்டோம்.

ஆச்சிக்கு இப்போது முழங்கால் முடியவில்லை, ஒழுங்கையில் இறங்கி வருவதில்லை. பூ காய்ந்ததும் உம்மா ஒரு போத்தலில் போட்டு மகனிடம் மேலே அனுப்புவார். போத்தல் திரும்பி வரும்போது வெறுமனே வராது, ஏதாவது இருக்கும். போன முறை கித்துல் கருப்பட்டி.

இந்த முறை நிறைய விதை சேர்த்து வைத்திருக்கிறேன். திகன, குண்டசாலை, தெல்தெனியப் பக்கம் வெயில் படும் முற்றம் உள்ளவர்கள் வந்து கேளுங்கள், காசு வேண்டாம். ஒக்டோபர் மழைக்கு முன்னர் வாருங்கள். ஒரே ஒரு நிபந்தனை. உங்கள் செடி பூத்து விதை வந்ததும், அதை மேல் வீட்டுக்காரர் ஒருவருக்கோ கீழ் வீட்டுக்காரர் ஒருவருக்கோ கொடுக்க வேண்டும். அவர் எந்தச் சமூகத்தவர் என்று பார்க்காமல்.

துஆக்களில் எங்களையும் ஆச்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வஸ்ஸலாம்.